ஆம்ப்ரோஸ் வாசிக்காமல் விட்ட பத்தி

டோர்காஸ் பிறந்தது ஒரு வக்கீல் வீட்டுச் சமையலறையில். முப்பது வயதுவரை அவருடைய சொத்தாக இருந்தாள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வாஷிங்டன் நகரத்து அடிமைகளுக்கு விடுதலை என்று சட்டம் வந்தது. கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு பட்டாளத்துச் சட்டைகள் துவைத்துப் பிழைத்தாள்.

அவள் கணவன் லெமுவேல் வாடகைக் குதிரைவண்டி ஓட்டினான். வெள்ளைக்காரர்கள் நடுவில் நிம்மதியாக வாழவே முடியாது என்று நினைத்தான். கறுப்பு மக்களை வேறு நாட்டில் குடியேற்றப் போகும் கப்பலுக்குக் குடும்பத்தின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தான். டோர்காஸ் அழுதாள், சண்டை போட்டாள். டிசம்பரில் ஜனாதிபதி நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்புவார், அவர் நம்மைப் போகச் சொல்லமாட்டார், அதுவரை பொறு என்றாள்.

ஜனாதிபதி நேரில் போவதில்லை. செயலாளர் தாள்களைக் கொண்டுபோய்க் கொடுப்பார், குமாஸ்தா ஒருவர் வாசிப்பார், உறுப்பினர்கள் பாதிப் பேர் சொந்தக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். உண்மையாகக் கேட்டவர்கள் டோர்காஸின் தேவாலயச் சபையார்தான். பத்திரிகையில் வந்ததும், எழுத்துத் தெரியாத அவர்களுக்காகச் சபை ஊழியர் டீக்கன் ஆம்ப்ரோஸ் தேவாலயத்தில் நின்று வாசித்தார். தபால் இலாகாவின் வரவு செலவுக்குக்கூட யாரோ ஆமென் சொன்னார்கள். கப்பலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. டோர்காஸ் எல்லார் முன்னாலும் கணவனைப் பார்த்துச் சிரித்தாள். மறுநாளே அவன் போய்ப் பெயரை அடித்துவிட்டு வந்தான்.

அந்த வாரக் கடைசியில் அவன் வண்டியில் ஏறிய இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்தச் செய்தியைப் பற்றிப் பேசினார்கள். கறுப்பர்களை வெளிநாட்டில் குடியேற்றுவதைத் தாம் பலமாக ஆதரிப்பதாக ஜனாதிபதி எழுதியிருக்கிறாராம்.

லெமுவேல் சொன்னதை டோர்காஸ் நம்பவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போய், பத்திரிகையை எடுக்கச் சொன்னாள். அவர் எடுத்தார். இந்தத் தடவை எதையும் விடாமல் வாசித்தார். வாசிக்கும்போது தலை நிமிரவில்லை.

"எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா உக்காந்திருந்தீங்க. இத எந்த வாயால வாசிக்கிறது, தங்கச்சி?"

"அவரு எழுதினதுக்கு அவர் வீட்டு வாசல்ல போய் நிக்க முடியாது, அண்ணே. உங்கள நம்பித்தானே எல்லார் முன்னாலயும் சிரிச்சேன்."

போரும் விடுதலையும் பற்றி அதே தாளில் நல்லது எவ்வளவோ இருக்கிறது என்று ஆம்ப்ரோஸ் தொடங்கினார். அதையும் நீங்கள்தானே வாசித்தீர்கள் என்று கேட்டுவிட்டு அவள் எழுந்தாள்.

 வீட்டை நெருங்கும்போது லெமுவேல் சொன்னான்.

"ஓட்டை விழுந்த செய்தியக் கேட்டுப் பேர அடிச்சேன். நாளைக்குத் திரும்ப எழுதப் போறேன்."

இருக்கச் சொல்ல அவளிடம் இப்போது ஒரு காரணமும் மிச்சமில்லை. ஆனால் இந்த மண்ணை விட்டுப் போகவும் அவளால் முடியாது. உள்ளே பிள்ளைகள் இருவரும் தூங்கிப்போயிருந்தார்கள்.

"எழுது," என்றாள் டோர்காஸ். "உன் பேர மட்டும் எழுது."