பியானோவில் முத்துக் குளித்தவர்

சென்னையிலிருந்து வந்த அந்த ஜாஸ் பியானோக்காரரை எனக்குப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை. தூத்துக்குடிக்கு வருகிறோம் என்பதற்காகக் கழுத்தில் முத்துமாலை போட்டு வந்திருந்தார். முத்துக் குளிப்பவர்களைப் பற்றி ஐரோப்பாவில் எவரோ என்றைக்கோ எழுதிய ஓபரா, அதாவது இசை நாடகம், ஒன்று. அதன் பாடல்களை ஜாஸாக மாற்றி ஓர் ஆல்பம் செய்திருந்தார். வெளியிடுமுன் அதை 'மண்ணின் மனிதர்கள்' கேட்க வேண்டுமாம்.

இரண்டு பேர் அகப்பட்டோம். பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்து, ஞாயிறுதோறும் மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் நான் ஒருவன். மற்றவர் திரேஸ்புரத்தில் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்; அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகள் என்னிடம் கீபோர்டு படிக்கிறாள். முத்துக் குளிப்பெல்லாம் நின்று எத்தனையோ காலமாயிற்று என்று போனிலேயே சொல்லிவிட்டேன். "முங்குறவரா இருந்தாப் போதும்" என்றார் பியானோக்காரர்.

ஹோட்டல் அறையில் ஆல்பம் ஓடியது. தன் வாசிப்புக்குத் தானே கண்ணை மூடித் தலையாட்டினார். ஒவ்வொரு மெட்டையும் பிடித்து, கல்யாண வீட்டு மேசை மாதிரி அலங்காரத்தால் மூடியிருந்தார். மூன்றாவது பாட்டில் பியானோ சட்டென்று நின்று, பிறகு தொடர்ந்தது.

"இந்த இடைவெளிதான் உங்க மூச்சு" என்றார் அண்ணனிடம். "கடலுக்கு அடியில நீங்க மூச்சடக்கி இருக்கீங்க."

"அத இன்னொரு மட்டம் போடுங்க" என்றார் அண்ணன்.

பியானோ நின்ற இடத்தில் அவர் மூச்சைப் பிடித்தார். நாலு நொடியில் பியானோ மறுபடி கிளம்பியது. பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு தொடங்கியது. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு நிதானமாக மூச்சை விட்டார்.

"இம்புட்டு நேரம் கெடந்தாத்தான் சார் ஒரு சங்காவது கையில தட்டும். நீங்க நிறுத்துன நேரத்துல ஆளு கடலடித் தரைக்கே போய்ச் சேரமாட்டான்."

"பியூட்டிஃபுல்! கேமராவுல எடுத்துக்கிறேன், திரும்பப் பண்றீங்களா?"

"ஜோலி கெடக்கு சார்" என்று அண்ணன் எழுந்து போய்விட்டார்.

கடைசிப் பாட்டை மட்டும் பியானோக்காரர் எந்த ஜோடனையும் இல்லாமல் வாசித்திருந்தார். அது நன்றாக இருந்தது. இப்படி வாசிக்கத் தெரிந்த கைகள்தான் மற்றதையெல்லாம் செய்தன என்று நினைத்தபோது எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"உங்க கருத்தைப் பின்அட்டையில போடலாம்னு இருக்கேன். உங்க பேரோட" என்றார் அவர்.

என் பெயர் அதுவரை எதிலும் அச்சாகவில்லை. "நம்ம கடலே பேசுது சார்" என்றேன். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது.

அப்படியே அச்சிட்டிருந்தார். ஆல்பம் வந்த வாரம், மகளைக் கூட்டிப்போக வந்த அண்ணன் வாசலில் நின்றார்.

"கடலு பேசுதுன்னு எழுதியிருக்கீயளாமே சார். நானும் அங்கனதான இருந்தேன், எனக்கு ஒண்ணும் கேக்கலையே. ஒங்களுக்கு இசை தெரியும், கேட்டிருக்கும்."

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. என்னை நம்பித்தான் சொன்னார். பியானோக்காரரைப் பற்றி அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேலி பேசுவதில்லை.