பனி கொட்டும் படங்களில் அம்மா இல்லை

நாங்கள் புலம்பெயர்ந்து வசிக்கும் டூங்காபியின் ரயில் நிலையத்துப் படிகளில்தான் அது முதலில் தெரிந்தது. என் மனைவி சுகந்தி அந்தப் படிகளை எப்போதும் எனக்கு முன்னால் ஏறிவிடுவாள். அன்று பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் போங்கோ. நான் மெல்ல வாறன்," என்றாள்.

வேலைக் களைப்பு என்று நினைத்தோம். முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் அவளுக்கு நாள் முழுவதும் நின்றபடி சமையல் வேலை. இரண்டு கிழமை கழித்துக் குடும்ப மருத்துவர் இரத்தம் சோதித்தார். இரத்தச்சோகை (இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்துபோவது) என்றார். உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது, எங்கே என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு கொலனொஸ்கொபி (நுனியில் கமெரா உள்ள மெல்லிய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்ப்பது) செய்தார்கள். குடலில் ஒரு கட்டி இருந்தது. அது புற்றுநோய்.

பிள்ளைகளே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இப்படி ஒரு நோய் வந்திருக்கலாம். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டிருக்கலாம். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஒரு பண்டகசாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறேன். மருத்துவம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நடந்ததும் நான் விட்ட பிழையும் தெரியும்.

ஜூலையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குடலில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் திரும்பப் பொருத்தினார்கள். பக்கத்தில் இருந்த நிணநீர் முடிச்சுகளில் (உடம்புக்குள் கிருமிகளை வடிகட்டும் சிறு கணுக்கள்) இரண்டுக்கு நோய் பரவியிருந்தது. அதனால் கீமோதெரபி (புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் மருந்தை நாளத்தில் ஏற்றுவது) தேவை, இரண்டு கிழமைக்கு ஒரு தரமாகப் பன்னிரண்டு தரம் என்று புற்றுநோய் டொக்டர் சொன்னார். அவர் ஒரு பெண். ஒரு வசனம் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகுதான் அடுத்த வசனம்.

"வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு மகள். ஒன்பது வயது."

"அவளுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்?"

"வயிற்றில் ஒரு புண், வெட்டி எடுத்தாயிற்று என்று."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "உண்மையைச் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் எங்கள் தாதி உதவி செய்வார்."

நான் தலையாட்டினேன். ஆனால் சொல்லவில்லை.

இதற்கு ஒரு பழைய பழக்கம் காரணம். இருபத்தைந்து வயதில் அகதியாகப் படகில் இந்த நாட்டுக்கு வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினொரு மாதம் இருந்தவன் நான். அங்கிருந்து கிழமைக்கு ஒரு தரம் ஊருக்கு அழைத்து, "ஹொஸ்டலில இருக்கிறன் அம்மா, நல்லாச் சாப்பிடுறன்" என்று சொல்வேன். கெட்ட செய்தியை மறைப்பதுதான் அன்பு என்று அப்போது பழகியது. எங்கள் மகள் தாரணிக்கும் அதையே செய்தேன். கான்சர் என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் சொல்லக் கூடாது என்று சுகந்தியிடம் கேட்டுக்கொண்டேன். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால் காருக்குள் போயிருந்து பேசினேன்.

ஏற்றிய மருந்துகளில் ஒன்றுக்கு ஒரு குணம் உண்டு. ஏற்றி முடிந்து சில நாட்களுக்குக் குளிர் பட்டால் விரல்களில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைக்கும். சுகந்தி கையுறை போட்டுக்கொண்டுதான் பிரிட்ஜைத் திறந்தாள். இந்த நாட்டில் கோடை நெருங்கும் நவம்பர் வெக்கையில் நாங்கள் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருக்க, அவள் சுடுதண்ணீர் குடித்தாள். இன்னொரு மருந்து ஒரு சிறு போத்தலில் இருந்து குழாய் வழியாக இரண்டு நாட்களுக்கு மெதுவாக உடம்புக்குள் இறங்கும். அந்தப் போத்தலை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டே சமைப்பாள், படுப்பாள்.

"அது சத்து மருந்து," என்று தாரணியிடம் சொன்னேன்.

அந்த மாதம்தான் தொலைக்காட்சியில் கிறிஸ்மஸ் காதல் படங்கள் தொடங்கின. தியேட்டருக்குப் போகாமல், தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்படும் படங்கள். மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று போடுவார்கள். நகரத்தில் பெரிய வேலை பார்க்கும் ஒரு பெண் சின்ன ஊர் ஒன்றுக்கு வருவாள். அங்கே பனி கொட்டும். கட்டம் போட்ட சட்டையோடு ஒருவன் கிறிஸ்மஸ் மரம் வெட்டிக்கொண்டிருப்பான். முதலில் சண்டை பிடிப்பார்கள், பிறகு சேர்ந்து பிஸ்கட் சுடுவார்கள். முத்தமிடப் போகும் நேரம் யாராவது கதவைத் தட்டுவார்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

மருந்து ஏற்றும் அறையிலும் இதே படங்கள்தான். கையில் ஊசியோடு கதிரைகளில் சாய்ந்திருக்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள். பக்கத்துக் கதிரைக் கிழவர் ஒருவர், "இப்போது கதவு தட்டப்படும்" என்று முன்கூட்டியே சொல்வார். சொன்னபடி தட்டப்படும். அறையே சிரிக்கும்.

"என்ன கண்டறியாத படமப்பா இது? முடிவு தொடங்கேக்கையே தெரியுது," என்று சுகந்தியிடம் கேட்டேன்.

"அதுக்குத்தான் பார்க்கிறன். அடுத்தது என்னெண்டு தெரிஞ்ச விசயம் ஒண்டாவது இருக்கட்டும்."



பள்ளி விட்டு வந்ததும் தாரணியும் தாயின் காலடியில் இருந்து பார்ப்பாள். முதல் இரண்டு கிழமை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"அம்மா, அந்த ஆளின்ர சேர்ட் அப்பாவின்ர மாதிரி."

"சேர்ட் மட்டும்தான் பிள்ளை."

பிறகு தாரணி சிரிப்பதை விட்டுவிட்டாள். ஒருநாள் ரிமோட்டைக் காணவில்லை. அரிசி வாளிக்குள் கிடந்தது. இன்னொரு நாள் என் கட்டம் போட்ட சட்டையைக் காணவில்லை. அது கிடைக்கவே இல்லை. பிள்ளை விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

பாமினி என்பவள் சுகந்தியோடு அதே குசினியில் வேலை செய்பவள். கணவரைப் பிரிந்து, பக்கத்து ஊரான பென்டில் ஹில்லில் தனியாக இருக்கிறாள். மருந்து ஏற்றும் நாட்களில் சோறு கறி கொண்டுவந்து தருவாள். டிசம்பர் முதல் சனிக்கிழமை தான் சுட்ட பட்டர் கேக்கோடு வந்தாள். நான் எழும்புவதற்குள் தாரணி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அன்ரி, யூ கான்ட் கம் இன்."

"ஏனடா செல்லம்? அம்மா படுத்திருக்கிறாவோ?"

"அம்மா இருக்கிறா. வீ டோன்ட் நீட் கேக்."

சொல்லிக்கொண்டே தட்டை வாங்கி, வாசலில் நின்ற சிவப்பு மூடிக் குப்பைத் தொட்டிக்குள் தட்டோடு போட்டாள். நான் தாரணியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவளை அடிக்க என் கை ஓங்கியது அன்றுதான் முதல் தடவை.

"என்ன பழக்கம் இது? அன்ரி எவ்வளவு உதவி செய்யிறா!"

"அப்பிடித்தான் தொடங்கும்," என்றாள்.

"என்ன தொடங்கும்?"

"முதல் கேக் கொண்டு வருவா. பிறகு ட்ரீ சோடிக்க ஹெல்ப் பண்ணுவா. பிறகு நீங்கள் சிரிப்பீங்கள். எல்லாப் படத்திலயும் அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை. செத்திட்டா. போட்டோவில மட்டும்தான் இருக்கிறா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்கள் காருக்குள்ள இருந்து கதைக்கிறது எனக்குக் கேக்கும் அப்பா. கான்சர். ஐ லுக்ட் இட் அப். இன்டர்நெட்டில தேடிப் பார்த்தன்."

ஓங்கிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படங்களை நானும் அரைக்கண்ணால் பார்த்தவன்தான். பல படங்களில் அந்தச் சட்டைக்காரன் மனைவியை இழந்தவன். ஏழெட்டு வயதில் ஒரு மகள் இருப்பாள். கதை தொடங்குவதற்கு முன்பே அம்மா செத்துப்போயிருப்பாள். யாரும் அதற்காக நெடுநேரம் அழுவதில்லை. புதிதாக வரும் பெண்ணைத் தகப்பனுக்கு முன்னால் அந்த மகளுக்குத்தான் பிடித்துப்போகும். இதையெல்லாம் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாங்கள் எதுவும் சொல்லாமல் விட்டதால், எங்கள் வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்பதைத் தாரணி அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டாள்.

படுக்கையறையிலிருந்து சுகந்தியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் இங்க வாங்கோ. பாமினி, நீயும் வா."

தாரணி கட்டிலில் ஏறித் தாயின் முகத்துக்கு நேரே இருந்தாள். "அம்மா, நீங்கள் சாகப் போறீங்களோ?"

நான் "இல்லையடா" என்று சொல்ல வாயெடுத்தேன். சுகந்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"தெரியாது பிள்ளை. வருத்தம் இருந்த இடத்தை வெட்டி எடுத்தாச்சு. திரும்ப வராமல் இருக்கத்தான் இந்த மருந்து. வராது எண்டுதான் டொக்டரும் நினைக்கிறா. ஆனா சத்தியம் பண்ண அவவாலயும் ஏலாது."

தாரணி பாமினியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நீங்கள் செத்தா அப்பா பாமினி அன்ரியைக் கட்டுவாரோ?" என்று கேட்டாள்.

"ஐயோ கடவுளே! ஒரு மனிசனோட பட்டதே எனக்குக் காணும்," என்றாள் பாமினி.

"உன்ர அப்பாவைப் பார். தொந்தியும் குறட்டையும். இவரை ஆர் கட்டப் போகினம்?" என்றாள் சுகந்தி.

தாரணி சிரிக்கவில்லை. பதிலுக்காக என்னையே பார்த்தாள்.

"எனக்கு உன்ர அம்மாவோட இருக்கத்தான் விருப்பம். அதுக்கு மிஞ்சி நான் ஒண்டும் யோசிக்கேல்லை," என்றேன். அது உண்மை.

"இனிமே காருக்குள்ள போய்க் கதைக்கக் கூடாது."

"ஓம்."

"டொக்டர் சொல்லுறதை எனக்கும் சொல்லோணும். குட் நியூஸ் மட்டும் இல்லை. அண்டைக்கே சொல்லோணும்."

"அண்டைக்கே சொல்லுறன்."

தாரணி பாமினியிடம் மன்னிப்புக் கேட்டாள். பாமினி தட்டைத் தொட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கழுவிக்கொண்டு போனாள். அடுத்த கிழமை அதே தட்டில் கேக் வந்தது. தாரணியும் சாப்பிட்டாள். ஆனால் படம் ஓடும்போது மட்டும் பாமினியை எனக்குப் பக்கத்தில் இருக்க விடவில்லை.

பள்ளி விடுமுறையில் அவளை மருந்து ஏற்றும் அறைக்குக் கூட்டிப்போனோம். போத்தலுக்குள் இருக்கும் ரப்பர் பை எப்படிச் சுருங்கிச் சுருங்கி மருந்தைத் தள்ளுகிறது என்று தாதி காட்டினார். தாரணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மா உயிரோடு இருக்கிற கிறிஸ்மஸ் படம் ஒன்று போட முடியுமா என்று விசாரித்தாள்.

தாதி யோசித்தார். "ஒன்று தெரியும். ஆனால் அதில் அப்பா இல்லை."

"தட்ஸ் ஓகே," என்றாள் தாரணி. அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜனவரி கடைசியில் பன்னிரண்டாவது மருந்தும் முடிந்தது. ஏப்ரலில் இரத்தம் எடுத்தார்கள். இந்த வகைப் புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் ஒரு புரதம் கூடும், அதைத்தான் அளக்கிறார்கள். சுகந்திக்கு அது சற்றுக் கூடியிருந்தது. மருந்தின் மிச்சத்தாலும் அப்படி வரலாம், நான்கு கிழமை கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார் டொக்டர்.

"நாலு கிழமை பொறுத்துப் பிள்ளைக்குச் சொல்லுவம். ஏன் சும்மா பயப்படுத்துவான்?" என்று கார் தரிப்பிடத்தில் சொன்னேன்.

சுகந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பள்ளி வாசலில் தாரணி காரில் ஏறிக் கதவைச் சாத்தும் முன்பே கேட்டாள். "வட் டிட் ஷீ சே?"

ஒரு தெரு தள்ளிக் காரை ஓரமாக நிறுத்தினேன். எண் கூடியிருக்கிறது என்றேன். ஏன் என்று டொக்டருக்கும் தெரியாது என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அதைச் சொல்ல நான் நினைத்திருக்கவில்லை.

அவள் அழுதாள். தாயும் அழுதாள். அழுது முடிந்ததும் தாரணி, "நாலு கிழமை எண்டா என்ன நாள்?" என்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை."

"எனக்கு அண்டைக்கு நெட்போல் பிராக்டிஸ்."

"நீ போய் விளையாடு. நான் அங்க வந்து சொல்லுறன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை எண் இறங்கியிருந்தது. நான் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பெருவிரலை உயர்த்திக் காட்டினேன். தாரணி ஒரு கணம் பார்த்தாள். பிறகு பந்தைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் யாராவது காருக்குள் போய்ப் பேசினால், கண்ணாடியைத் தட்டிக் கேளுங்கள். அவர்கள் கோபிக்கக்கூடும். கேளுங்கள். பதில் "தெரியாது" என்று வந்தாலும் அது பதில்தான். அதை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகலாம், விளையாடலாம்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இரத்தம் எடுக்கிறார்கள். அந்த மூன்று மாதத்துக்கு அப்பால் நாங்கள் எதையும் திட்டமிடுவதில்லை. மூன்று மாதத்துக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்று முன்பு எனக்குத் தெரியாது.

குளிர் பட்டால் சுகந்திக்கு இப்போது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் விரல் நுனிகள் மரத்துப்போனது திரும்பவில்லை. முழங்கையால்தான் தண்ணீரின் சூட்டைப் பார்க்கிறாள். பொத்தான் துளைக்குள் போய்விட்டதா என்பது விரலுக்குத் தெரியாது. இரத்தம் எடுக்கப் போகும் காலைகளில் கண்ணாடிக்கு முன்னால் நின்று தானே சட்டையைப் பூட்டுவாள். தாரணி கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எல்லாம் பூட்டிட்டனோ?"

"இல்லை அம்மா. மூண்டாவது வெளியில நிக்குது."

சுகந்தி கழற்றிவிட்டுத் திரும்பவும் போடுவாள். ஐந்து பொத்தானுக்குப் பத்து நிமிடம் வேண்டும். நாங்கள் மூன்று பேரும் பத்து நிமிடம் முன்னதாக எழும்புகிறோம்.