எட்டடி கிரானைட்

இருபது வருடம் பள்ளி விடுதிச் சாப்பாட்டிலேயே ஓட்டிவிட்டு, மலைமேல் மஞ்சக்குட்டையில் எனக்கென்று ஒரு வீடு கட்டினேன். சமையல் மேடைக்குக் கல் போடுவது மட்டும் பாக்கி. மேசை மேல் ஸ்டவ்வை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். கடப்பாக் கல்லா, கிரானைட்டா என்று முடிவு செய்ய முடியாமல் அடிவாரத்துக் கல் கடையில் நின்றேன்.

"ரெண்டுலயும் ஒவ்வொரு துண்டு தர்றனுங்க டீச்சர். ஒரு வாரம் அடுப்புப் பக்கத்துல போட்டுப் பொழங்கிப் பாருங்க. புளி, மஞ்சள் பட்டாத்தான் கல்லோட கொணம் தெரியும்" என்றார் கடைக்காரர்.

இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஸ்டவ்வின் இருபுறமும் வைத்தேன். காலையில் காபியும் ரொட்டியும், மதியம் பள்ளியில், ராத்திரிக்கு மறுபடி ரொட்டி. வெள்ளிக்கிழமை பார்த்தால், இரண்டு துண்டும் வாங்கிவந்த மாதிரியே இருந்தன. ஒரு பொட்டுக் கறை இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படியே கொண்டுபோனால் அந்த மனுஷன் என்ன நினைப்பார்? மஞ்சள் தூளைக் குழைத்தேன், புளியைக் கெட்டியாகக் கரைத்தேன், இரண்டின் மேலும் ஊற்றிவைத்து மறுநாள் காலையில் கழுவினேன்.

கடப்பாத் துண்டில் வெளுத்துப்போன இடத்தைக் கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்தார்.

"இது உங்க ஊட்டுக்குத் தாங்காதுங்க டீச்சர். ஆளுங்க நொம்பப் பேருங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்ப கிரானைட்டே போட்டுருங்க. எட்டடியாச்சும் வேணும்."

எட்டடியே வாங்கினேன். இன்றைக்கும் அதில் ஓர் ஓரமாகத்தான் காபி போடுகிறேன். மற்ற ஏழடியிலும் தூசிதான் துடைக்கிறேன்.