ரேவதி கழியும் வரை

என் அக்காவை நான் மாட்டுக் கொட்டகையில் சாகவிட்டேன். வீட்டுக்கு நல்ல விலை வர வேண்டும் என்பதற்காக!

முகத்தைச் சுளிக்காதீர்கள். கைச்செலவு அதிகமில்லாமல் வீட்டின் மதிப்பை ஏற்றுவது எப்படி என்று நீங்கள்தானே கேட்டு வந்தீர்கள்? மல்லேஸ்வரத்தில் வீடு விற்கிறவர்கள் பாதிப்பேர் என்னிடம்தான் வருகிறார்கள். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்துகொள்ளுங்கள், மங்களூர் ஓடுகளுக்கு நடுவே இரண்டு கண்ணாடி ஓடு வையுங்கள், வாசற்கதவைச் சுரண்டி வார்னிஷ் அடியுங்கள், தரையைப் பெயர்த்துச் சிவப்புச் சிமெண்ட் போடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லியனுப்புகிறேன். கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

என் சொந்த வீட்டை விற்க அந்தக் கெட்டிக்காரத்தனம் செய்த கடைசி வேலையை மட்டும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? நேற்று உங்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது பின்னறையில் யாரோ இருமினார்கள். நீங்கள் அவசரமாகக் கதவைச் சாத்தினீர்கள்... அதனால்தான் போலிருக்கிறது.

அக்காவின் பெயர் அலமேலு. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் தள்ளி வைத்துவிட்டான். அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் கண்ணை மூடும்போது, "அலமேலு கடைசி வரைக்கும் இந்த வீட்டுலதான் இருக்கணும்டா" என்று என்னிடம் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

என் ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக ஜெயநகரில் மனை வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மொசைக் தரை, கார் நிறுத்த முகப்பு, வாசலில் குரோட்டன்ஸ். அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. மல்லேஸ்வரத்தில் இருந்த அப்பாவின் பழைய வீட்டை விற்றுவிட முடிவு செய்தேன். மேஸ்திரிக்குக் கூலி கொடுத்துப் புதுப்பிக்க மனமில்லை. அக்கா இருந்தாளே!

விற்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. "வீட்டைக் கொஞ்சம் நல்லா வச்சுக்கலாம் அக்கா, நாமதானே இருக்கப் போறோம்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

மார்கழிக் குளிர். பெங்களூர்க் குளிரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளிரில் ஏணியில் ஏறி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நான்கு அறைக்கும் அவளே வெள்ளையடித்தாள். சுண்ணாம்புத் தூசியில் இருமுவாள், மூக்கைத் துடைத்துக்கொள்வாள், மறுபடி ஏறுவாள். சிமெண்ட் பூச மட்டும் ஒரு ஆளை வைத்தேன். அது இறுகியதும் ஈரத்தரையில் மண்டியிட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டு அங்குலம் அங்குலமாகத் தேய்த்தவள் அவள்தான்.

"பாருடா, அப்பா இருந்தா எவ்ளோ சந்தோஷப்படுவாரு!" என்றாள். அந்த மூலையில் இன்னும் மெருகு வரவில்லை என்று நான் பதில் சொன்னேன்.

தும்கூரில் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் வீடு பார்க்க வந்தார். தமிழர்தான், கன்னடம் கலந்து பேசுவார். சுவரைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடி ஓட்டை அண்ணாந்து பார்த்தார். அவருக்குப் பிடித்துவிட்டது.

"வீடு சென்னாகி இருக்கு. ஒண்ணு கேக்கறேன், பேஜார் பண்ணிக்காதீங்க. அடைப்பு நட்சத்திரத்துல இங்க சாவு எதுவும் விழலையே?"

"சேச்சே! அதெல்லாம் கிடையாது" என்றேன்.

அடைப்பு என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவிட்டத்தின் பின்பாதி முதல் ரேவதி வரை உள்ள நட்சத்திரங்களில் ஒருவர் செத்தால் வீட்டை ஆறு மாதம் பூட்டிப் போட வேண்டும். அப்படிப் பூட்டிய வீட்டைப் பிறகு யாரும் லேசில் வாங்க மாட்டார்கள்.

அவர் போனதும் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "வீட்டை விக்கிறியா தம்பி?" என்றாள். மறுநாள் காய்ச்சலில் விழுந்தாள்.

டாக்டர் வந்து பார்த்து நிமோனியா என்றார். குளிர் படக்கூடாது, தரையில் படுக்கக்கூடாது என்றார். பிழைப்பாளா என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார்.

எனக்கு அழுகை வரவில்லை ஐயா. எரிச்சல்தான் வந்தது! இத்தனை நாள் இருந்துவிட்டு இப்போதா என்று தோன்றியது. நேராகப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். அன்று அவிட்டம்.

பசுவை விற்றுக் காலியாகக் கிடந்த கொட்டகை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கூரை வேறு, சுவர் வேறு, ஆகவே அது வீடில்லை என்று எனக்கு நானே சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். என் மனைவி சரோஜா தடுத்தாள்.

"வேணாங்க, பாவம்! அண்ணிக்குக் குளிர் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே..."

"ஆறு மாசம் பூட்டிப் போட்டா உங்கப்பனா வந்து வாங்குவான்?" என்று கத்தினேன். அவள் பாயின் ஒரு முனையைப் பிடித்தாள்.

பாயோடு தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் போட்டோம். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "அடைப்புக்குப் பயந்துதானேடா? ரேவதி கழிஞ்சதும் உள்ள கூட்டிட்டுப் போயிடு" என்றாள். பிடிவாதம் இல்லை, கோபம் இல்லை. ஊருக்குப் போகிறவளை ரயிலேற்ற வந்தவனிடம் பேசுவதுபோல் பேசினாள்.

காலையில் நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. இன்று என்ன நட்சத்திரம்? சதயம் என்பேன். பூரட்டாதி என்பேன். கோணிச் சாக்குக்குள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் ஆகித் தொலையாதா என்று நான் நினைத்தேன். ஆம், நினைத்தேன்! கூடப் பிறந்தவளைப் பற்றித்தான்! ஆனால் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்... வீட்டுக்குள் வந்து சாக வேண்டும் என்ற ஒரே ஆசையில்.

உத்திரட்டாதியும் தாண்டினாள். ரேவதியும் தாண்டினாள். அசுவினி விடிந்தது. அசுவினியில் எந்தத் தோஷமும் கிடையாது.

"அசுவினி வந்துடுச்சு இல்ல? உள்ள வரட்டுமா?" என்றாள். குரல் தேய்ந்து போயிருந்தது.

அன்று தாசில்தார் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. வீட்டுக்குள் நோயாளி கிடந்தால், மருந்து வாடை அடித்தால் பேரம் என்ன ஆகும்? "இன்னிக்கு ஒரு நாள் இரு அக்கா. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர்கள் வந்தார்கள். அந்த அம்மாள் கூடத்தில் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தாள்.

"எவ்ளோ வழவழன்னு இருக்கு! மொகமே தெரியுது. யாரு தேய்ச்சது?"

"மேஸ்திரிங்க" என்றேன்.

சமையலறைக்குப் போனோம். சரோஜா அவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தாள். பின்கதவு திறந்திருந்தது. அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. "தம்பீ... தம்பீ..."

"யாருங்க அது?" என்றார் தாசில்தார்.

"அதுவா? சாணி தட்டறவ. கொஞ்சம் பித்து. யாரைப் பார்த்தாலும் தம்பிம்பா" என்றேன் நான். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள்.

அவர்கள் காப்பி குடித்து, முன்பணத்தோடு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனபின் கொட்டகைக்குப் போனேன். பாயிலிருந்து உருண்டு வீட்டுப் பக்கமாக வந்து கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

சரோஜா கதறினாள். "தோஷந்தான் இல்லையேங்க! இப்பவாச்சும் கூடத்துல கெடத்துங்க!"

முன்பணம் கைக்கு வரவில்லையே! சாவு வீடு என்று தெரிந்தால் அந்த அம்மாள் மனசு மாறிவிட்டால்? கொட்டகை வாசலிலேயே குளிப்பாட்டச் சொன்னேன். தெருப்பக்கம் கொண்டுவராமல் பின்னால் இருந்த கன்சர்வன்ஸி சந்து வழியாக எடுத்துப் போனோம். மலக்கூடை சுமக்கிறவர்கள் வந்துபோவதற்காக விட்ட சந்து அது. அப்பாவை நான்கு தெருவுக்குப் பறையடித்துக் கொண்டுபோன அதே நான்தான் அவளை அந்த வழியாகக் கொண்டுபோனேன். ஒரு மாலைகூட வாங்கவில்லை.

பத்திரம் எழுதும்போது தாசில்தார் மறுபடியும் கேட்டார், அண்மையில் வீட்டுக்குள் சாவு எதுவும் இல்லையே என்று. இல்லை என்றேன். எழுத்துக்கு எழுத்து உண்மை! நினைத்ததைவிட நல்ல விலை கிடைத்தது. தரையைப் பார்த்தே கொடுத்தார் என்று பிறகு பேரத்தை முடித்துக்கொடுத்த தரகன் சொன்னான்.

ஜெயநகர் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். எனக்குத் தண்டனை எதுவும் வரவில்லை, இனி வரும் என்றும் தோன்றவில்லை. நீங்களும் மன்னித்துவிட்டதாகச் சொல்லாதீர்கள், அதைச் சொல்ல நீங்கள் யார்?

ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சாணி தட்டுகிறவள் என்று நான் சொன்னது அக்காவின் காதில் விழுந்திருக்குமா? வருஷக்கணக்காக அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் சரோஜாவிடம் கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"விழுந்திருக்கும்ங்க. அதுவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நீங்க அப்படிச் சொன்னப்புறம் கூப்பிடவே இல்லையே."