மறித்து நின்ற சாலம்மாள்

சாலம்மாள் இந்திய அணிக்குத் தேர்வான சமயத்தில் ஒரு பத்திரிகைக்காரர் அவளைப் பேட்டி கண்டு அரைப் பக்கத்துக்கு எழுதினார். கல்வராயன் மலையில் ஆடு மேய்த்துத் திரிந்த பெண்ணாம். பயிரில் வாய்வைக்கப் போகும் ஆட்டை இப்படியும் அப்படியும் பாய்ந்து மறித்துப் பழகியதால்தான் கூடைப்பந்தில் எதிராளியை மறிப்பதில் இத்தனை கெட்டிக்காரி ஆனாளாம். யாரோ அதைப் படித்துக் காட்டியபோது சாலம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“எங்க வூட்ல ஆடே கெடையாதுங்க. ஆடு இருந்தா எங்கப்பா ஏன் கரும்பு வெட்டப் போறாரு?”

அவளுடைய அப்பா வேடியப்பனுக்கும் அம்மா காசியம்மாளுக்கும் வெள்ளிமலையை ஒட்டிய சின்ன ஊர். சொந்த நிலம் கிடையாது. சாமை அறுப்புக்கும் மரவள்ளி பிடுங்கவும் மலையிலேயே கூலிக்குப் போவார்கள். அது ஓய்ந்ததும் கீழே இறங்கிச் சங்கராபுரம் பக்கம் கரும்பு வெட்டு. எட்டாவது வரை மலையில் படித்த சாலம்மாள், ஒன்பதாவது சேரக் கள்ளக்குறிச்சிக்கு வந்து பெண்கள் விடுதியில் தங்கினாள். அது 1986ஆம் வருஷம். அப்போது அவள் கூடைப்பந்தைக் கையால் தொட்டதுகூட இல்லை. உயரமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அவளை ஆட்டத்துக்குள் இழுத்துவிட்டவள் கமலா. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவள், நிலபுலன் உள்ள விவசாயி வீட்டுப் பெண். கமலாவுக்குக் கூடைப்பந்து என்றால் பைத்தியம். கடலூரில் மாவட்டப் போட்டி நெருங்கிய நேரத்தில், அவள் அணியில் இருந்த ஒரு பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. மிச்சம் இருந்தது நான்கு பேர். ஐந்தாவது ஆள் இல்லாமல் களத்தில் இறங்க முடியாது. கமலா நேராக விடுதிக்கு வந்து நின்றாள்.

“எனக்கு ஆடத் தெரியாதே” என்றாள் சாலம்மாள்.

“உன்ன யாரு ஆடச் சொன்னா? நீ பந்தத் தொடவே வேணாம். எதிர் டீம்ல நெட்டையா ஒருத்தி இருக்கா. அவ எங்க போறாளோ அங்க போ. அவ கைக்குப் பந்து வந்தா குறுக்க நில்லு. அவ்ளோதான்.”

சாலம்மாள் சொன்னதை அப்படியே செய்தாள். அந்த உயரமான பெண் ஓடிய இடமெல்லாம் ஓடினாள். இடையில் அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது அங்கேயும் பின்னால் போய் நின்றாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். தப்பித்துப் போகப் பார்த்தால் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நடுவர் விசில் மேல் விசில் ஊதினார். பாதி ஆட்டம் முடிவதற்குள் ஐந்து ஃபவுல் ஆகி, “நீ வெளிய போம்மா” என்று சொல்லிவிட்டார்.

“நான் இன்னா தப்பு பண்ணேன்?” என்று கமலாவிடம் கேட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அணி தோற்றுப்போனது. ஆனாலும் கமலா கோபப்படவில்லை. சாலம்மாள் களத்தில் இருந்தவரை அந்த நெட்டைப் பெண்ணால் ஒரே ஒரு தடவைதான் கூடையில் போட முடிந்தது. சாலம்மாள் வெளியேறிய பிறகு அவள் போட்டுத் தள்ளிவிட்டாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கமலா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். “நீ அவள ஆட வுடல சாலு. கை வெக்காம அதையே பண்ணக் கத்துக்கோ. அப்பறம் பாரு.”

அடுத்த நாள் சாயங்காலமே ஆரம்பித்தார்கள். சாலம்மாளின் இரண்டு கையையும் துண்டால் பின்னால் கட்டிவிட்டு, கமலா பந்தைத் தட்டிக்கொண்டு அவளைத் தாண்டப் பார்ப்பாள். கை இல்லாததால் சாலம்மாள் காலைத்தான் நகர்த்தியாக வேண்டும். முதலில் கமலாவின் கண்ணைப் பார்த்து ஏமாந்தாள். பிறகு பந்தைப் பார்த்து ஏமாந்தாள். கடைசியில் இடுப்பைப் பார்க்கப் பழகினாள். இடுப்பு எந்தப் பக்கம் போகிறதோ ஆளும் அந்தப் பக்கம்தான் போகவேண்டும். அந்த வருஷம் முடிவதற்குள், கை கட்டிய சாலம்மாளைக் கமலாவால் தாண்ட முடியாமல் போயிற்று.

நான்கு வருஷம் கழித்து, 1990இல், இரண்டு பேரும் தென்னாற்காடு மாவட்ட அணிக்கு ஆடினார்கள். நெய்வேலியில் நடந்த போட்டியில் சென்னை ரயில்வே அணியோடு மோத வேண்டி வந்தது. அந்த அணியின் பெரிய ஆட்டக்காரி ஆண்டாள். இருபத்தொரு வயது. ஆட்டத்துக்கு முப்பது புள்ளி சாதாரணமாகப் போடுகிறவள். அன்றைக்குச் சாலம்மாள் அவளுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றாள். ஆண்டாளால் ஒன்பது புள்ளிக்கு மேல் எடுக்க முடியவில்லை. ஆட்டத்தை ரயில்வே சுலபமாகவே ஜெயித்தது. ஆனால் ஜெயித்த ஆண்டாளின் முகம் தோற்றவள் மாதிரி இருந்தது. தோளில் துண்டோடு அவள் எதிரணி உட்கார்ந்திருந்த இடத்துக்கே வந்துவிட்டாள்.

“ஏய், இங்க வா. உன் பேரு இன்னா?”

“சாலம்மாள்க்கா.”

“எம்மேல உனக்கு இன்னா கோவம்?”

“கோவமெல்லாம் ஒண்ணுமில்லக்கா.”

“அப்ப நீ எங்கூடவே வந்துடு. இன்னொரு வாட்டி எதிர்ல நீ நின்னா எனக்கு ஆட்டமே வெறுத்துடும்.”

விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் சாலம்மாள் நினைத்தாள். பிளஸ் டூ முடிந்தது. கமலாவுக்குச் சின்னசேலத்தில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் செய்துவிட்டார்கள். சாலம்மாள் அப்பா அம்மாவோடு கரும்பு வெட்டப் போனாள். அடுத்த கரும்பு வெட்டு முடியும் தறுவாயில்தான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. தேர்வுக்கு வரவேண்டும். தேறினால் ரயில்வே ஆபீஸில் வேலை.

வேடியப்பன் நம்பவில்லை. “பந்து ஆடறதுக்கு எவன் வேலை குடுப்பான்? ஏமாத்துறானுங்க” என்று சொல்லிவிட்டு, மகளோடு தானும் கிளம்பினார். பயிற்சியாளர் ராமசாமி பத்துப் பந்து போடச் சொன்னார். சாலம்மாள் போட்டதில் ஒன்றுதான் உள்ளே போனது. ராமசாமி உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் நின்ற ஆண்டாள், “சார், அவளப் போடச் சொன்னா எப்டி? என்ன மறிக்கச் சொல்லுங்க” என்று பந்தை வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கினாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். ராமசாமி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேடியப்பனிடம் வந்தார்.

“உங்க பொண்ண எடுத்துக்கறோம்.”

“அது இன்னா வேலை செய்யணுங்க?”

“காலைல ஆபீஸ். சாயங்காலம் பந்து.”

“ரெண்டுக்கும் சேத்து ஒரே சம்பளமா?”

ராமசாமி சிரித்துவிட்டு ஆமாம் என்றார். திரும்பி வரும்போது உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்று டீ குடித்தபோது வேடியப்பன் சொன்னார். “கரும்புக் காட்ல நின்ன காலு. சிமிட்டித் தரைல ஓடட்டுமே.”

அப்படித்தான் 1991இல் சாலம்மாள் ரயில்வே ஊழியர் ஆனாள். முதல் இரண்டு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தாள். 1993இல் முதல் ஐவரில் இடம் கிடைத்தது. ஆண்டாள் புள்ளி போடுவாள். சாலம்மாள் எதிரணியின் பெரிய ஆட்டக்காரியை முடக்குவாள். பயிற்சியில் இரண்டு பேருக்கும் தினமும் சண்டை. “பிராக்டிஸ்லயாவது என்ன வுடுடி” என்று ஆண்டாள் கத்துவாள். ஆனால் ஊருக்குப் போய்வந்தால் சாலம்மாள் மலைத்தேன் கொண்டு வருவது ஆண்டாளுக்குத்தான். 1996இல் இந்திய அணியின் பன்னிரண்டு பேரில் கடைசிப் பெயராகச் சாலம்மாளும் இருந்தாள். பாங்காக்கில் ஒரே ஓர் ஆட்டத்தில், கடைசிச் சில நிமிடம் இறக்கினார்கள். அவள் மறித்த பெண் அந்த நேரத்தில் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. நாடு திரும்பி வெள்ளிமலைக்குப் போனபோது ஊர்க்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, “எத்தினி கோல் போட்ட?” என்பதுதான்.

அடுத்த வருஷமே முழங்கால் போயிற்று. எகிறிப் பந்தைத் தட்டிவிட்டு இறங்கியவளின் வலது கால் மடங்கி, உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்தார்கள். நடக்கலாம், ஆபீஸ் போகலாம், ஆட்டத்தை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சாலம்மாள் அழவில்லை. ஆனால் சாயங்கால நேரத்தில் எங்கே இருப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. சில நாள் ஆபீஸிலேயே சும்மா உட்கார்ந்திருப்பாள்.

வீட்டில் கல்யாணப் பேச்சை எடுத்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்த்துக்கொண்டிருந்த செல்லமுத்துவுக்கு அவளைக் கொடுத்தார்கள். அவன் சாலம்மாள் குடியிருந்த பெரம்பூருக்கு வந்து அங்கே ஒரு பட்டறையில் சேர்ந்துகொண்டான். 1999இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு வயது ஆனபோது சாலம்மாள் மைதானத்துக்குப் போனாள். நேராக ஓட முடிந்தது. பக்கவாட்டில் பாய்ந்தால்தான் முழங்கால் நிற்கவில்லை. நேற்றுச் சேர்ந்த பெண்கள்கூட அவளைத் தாண்டிப் போனார்கள். ராமசாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “போதும்மா, உன் பங்குக்கு நெறய ஆடிட்ட” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். செல்லமுத்துவுக்கு ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

“பக்கவாட்டுல போக முடியல. சரி. ஒரே எடத்துல நிக்க முடியுமா?”

“நின்னுக்கினு இன்னா பண்றது?”

“நின்னுக்கினே தூரத்துலருந்து போடறாங்களே, டிவில பாத்தேன். அதுக்கு ஜாஸ்தி புள்ளி தராங்கல்ல?”

அவள் வாழ்நாளில் அப்படி ஒரு பந்து போட்டதில்லை. மறுநாள் செல்லமுத்து பட்டறையிலிருந்து ஓர் இரும்பு வளையம் செய்து கொண்டுவந்தான். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காலிச் சுவரில், கேட்க வேண்டியவர்களைக் கேட்டு மாட்டினான். விடிந்ததும் சாலம்மாள் அங்கே போய்விடுவாள். ஆண்டாள் அப்போது ஆட்டத்தை விட்டிருந்தாள். கேள்விப்பட்டு ஒரு நாள் பார்க்க வந்தவள், அதற்குப் பிறகு தினமும் வந்தாள்.

“அத்தன வருஷம் என்னப் போடவுடாம உயிர எடுத்த. இப்ப நானே உனக்குப் போடச் சொல்லித்தரணும். என் தலையெழுத்து” என்று திட்டிக்கொண்டே பந்தைப் பொறுக்கிப் போடுவாள். முழங்கையை உள்ளே ஒடுக்கச் சொல்வாள். குனிந்து எழும்பும் விசையில் பந்து போகவேண்டும், தோளால் தள்ளக்கூடாது என்பாள். மழைக்காலம் வந்து போவதற்குள் பத்துக்கு ஆறு, சில நாள் ஏழு உள்ளே விழுந்தன. ராமசாமி வந்து பார்த்தார். “கடைசி ஆளா சேத்துக்கறேன்” என்றார்.

2001இல் சேலத்தில் ஒரு பெரிய போட்டி. ரயில்வே இறுதி ஆட்டத்துக்கு வந்தது. சின்னசேலத்திலிருந்து கமலா வந்திருந்தாள். வரும்போது காசியம்மாளையும் பஸ் ஏற்றி அழைத்து வந்திருந்தாள். மகள் ஆடுவதைக் காசியம்மாள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. செல்லமுத்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். பாதி ஆட்டம் முடிந்தபோது ரயில்வே பின்தங்கியிருந்தது. ராமசாமி சாலம்மாளை இறக்கினார். அவள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஒரு மூலையில் போய் நின்றாள். எதிரணிக்கு அவளை நன்றாகத் தெரியும். அவள் மறிப்பாள், போடமாட்டாள். அதனால் ஒருத்தியும் அவள் பக்கம் வரவில்லை.

“எல்லாம் ஓடிக்கினு இருக்குதுங்க, எம்பொண்ண மட்டும் யாருமே சேத்துக்க மாட்டேங்கறாங்களே” என்று காசியம்மாள் வருத்தப்பட்டாள்.

“சும்மா இரும்மா. அதான் நல்லது” என்றாள் கமலா.

பந்து சாலம்மாளிடம் வந்தது. குனிந்து எழும்பிப் போட்டாள். வலை மட்டும் அசைந்தது. ஏதோ தற்செயல் என்று எதிரணி விட்டுவிட்டது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாவது வளையத்தில் பட்டுத் தெறித்தது. நாலாவது உள்ளே போனபோது எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து நின்று, விரலை நீட்டிக் கத்தினார். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண் ஓடிவந்து சாலம்மாளின் மூஞ்சிக்கு நேராக நின்றாள். இந்தப் பக்கம் நகர்ந்தால் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் நகர்ந்தால் அந்தப் பக்கம்.

“அன்னிக்கு எனக்கு மூச்சு முட்டிச்சு” என்று சாலம்மாள் பின்னாளில் சொல்வாள். “இதையா நான் இத்தினி வருஷம் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் பண்ணிக்கினு இருந்தேன்னு பாவமாப் போச்சு. ஆனா உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். என்ன மறிக்கவும் ஒருத்தி வந்துட்டாளேன்னு.”

அவளை மறிக்க ஒருத்தி மூலைக்கு வந்துவிட்டதால் உள்ளே இடம் கிடைத்தது. மற்றப் பெண்கள் அதில் புகுந்து போட்டார்கள். ரயில்வே ஜெயித்தது. காசியம்மாள் கீழே இறங்கி வந்து மகளின் வேர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, “அந்தச் சின்னப் பொண்ணு பாவம்டி. ஓடி ஓடி எளச்சிப்போச்சு. போய் ஒரு வார்த்த பேசிட்டு வா” என்றாள். சாலம்மாள் போய்ப் பேசினாள். நன்றாக மறித்தாய் என்று சொன்னாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தாள்.

அதற்குப் பிறகும் சாலம்மாள் மூன்று வருஷம் ஆடினாள். அந்த மூன்று வருஷத்தில் போட்ட புள்ளிகள் அதற்கு முந்தின பத்து வருஷத்தில் போட்டதைவிட அதிகம். 2004இல் விட்டாள். இப்போது சேலத்தில் ரயில்வே ஆபீஸில் மேற்பார்வை வேலை. மகள் சித்தா டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டாள். அவளுக்குப் பந்து பிடிக்காது; அதைப் பற்றிச் சாலம்மாளுக்கு வருத்தமும் இல்லை. லீவு விட்டால் செல்லமுத்துவோடு வெள்ளிமலைக்குப் போய், அம்மாவுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவாள்.

போன வருஷத்திலிருந்து மூத்த பெண்களுக்கான போட்டிகளுக்கு ஆண்டாளோடு போய்க்கொண்டிருக்கிறாள். கோவாவுக்கும் மைசூருக்கும் போய்வந்தார்கள். இரண்டு பேருமே மூலையில் நின்று போடத்தான் பார்க்கிறார்கள். ஓடி மறிக்க அணியில் ஆள் இல்லை. ஐம்பது வயதில் நல்ல முழங்காலோடு யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.