வேணுகோபால் நாயக்கர் காட்டில் கிடை

பசுவந்தனைப் பக்கத்து வள்ளித்தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆட்டை எது கொல்லும் என்று தெரியும். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் ஆட்டை விடமாட்டாள். புருஷன் செத்த பிறகு ஐம்பத்திரண்டு ஆடுகளைத் தனியாளாக மேய்த்து இரண்டு பெண்களுக்குக் கஞ்சி ஊற்றினாள், மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பினாள்.

கடைசிப் பருத்தி எடுத்ததும் நிலத்துக்குச் சொந்தமான காட்டுக்காரர் கூப்பிடுவார். ஆடுகள் செடியில் மிஞ்சிய இலையைத் தின்னும். ராத்திரி அங்கேயே கிடை கிடந்து, புழுக்கையும் மூத்திரமுமாக நிலத்துக்கு உரம் தரும். ஒப்பந்தம் எல்லாம் வாய்ச்சொல்தான்.

1963 வைகாசியில் வேணுகோபால் நாயக்கர் கூப்பிட்டார். அந்த வருஷம் அவர் கைப்பம்பு வாங்கிக் கடைசிக் காய்களுக்கு எண்டிரின் என்ற பூச்சிமருந்து அடித்திருந்தார். இருபது நாளைக்கு ஆடு மாடு உள்ளே போகக் கூடாது என்று கோவில்பட்டியிலிருந்து வந்த விவசாய ஆபீசர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாயக்கர் தலையாட்டினார். எட்டாம் நாளே கிடைக்கு ஆள் அனுப்பினார். மருந்தைப் பற்றி வள்ளித்தாயிடம் மூச்சு விடவில்லை.

அவள் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். புழு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. நல்ல மேய்ச்சல் என்று சந்தோஷப்பட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பொழுது சாய்வதற்குள் ஆடுகள் நுரை தள்ளி விழுந்தன. முப்பத்தொன்பது செத்தன.

நாயக்கர் வந்து பார்த்தார். மருந்தடித்ததை அப்போதுதான் சொன்னார். "புது முறைன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். காலம் மாறுதுல்லா" என்றார்.

இதை எழுதுகிற எனக்கு மருந்தின் மேல் கோபமில்லை. புழுவுக்குப் பருத்தியைப் பறிகொடுத்தவன் நான். பம்பைத் தூக்கத் தெரிந்த மனுஷருக்கு வாயைத் திறக்க என்ன கேடு?

கறிக்கு ஆள்கள் அரிவாளோடு வந்துவிட்டார்கள். பஞ்ச வருஷம். நாயக்கரே யோசனை சொன்னார்: "கொடல எடுத்துப் போட்டுட்டு வித்துருட்டி."

வள்ளித்தாய் கம்பைக் குறுக்கே நீட்டினாள். "யாரும் தொடாதீய. வெசத்தத் தின்னு செத்துருக்கு. பிள்ளையளுக்குக் குடுத்துராதீய."

அந்தக் கரிசலிலேயே குழி தோண்டினாள். சேதி ஊரெல்லாம் பரவிவிடும் என்று நாயக்கர் தடுத்தார்.

"தள்ளுங்க மொதலாளி. நீங்க சொல்லாம விட்டத நான் சொல்லாம விட மாட்டேன்."

சொன்னாள். கிடைக்காரர் ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொன்னாள். மறுவருஷம் நாயக்கர் காட்டுக்கு ஒரு கிடையும் போகவில்லை. அவர் உர மூட்டை வாங்கிப் போட்டார், நன்றாகவே விளைந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வள்ளித்தாயின் மூத்த பெண் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். வயது ஒன்பது.