செல்லரித்த பக்கமும் ஒரு கண்ணும்

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காஜாங்கைத் தாண்டி வந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் எஞ்சினில் என் வீட்டுக்காரர் கரி தள்ளிக்கொண்டிருந்தார். பாய்லரில் தண்ணீர் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய் வெடித்தது. கண்ணாடித் தூளும் வெந்நீராவியும் அவர் முகத்தில் அடித்தன. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், வேலைக்காரர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது சேதி வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு கண்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது கண் போய்விட்டது என்றார் டாக்டர். இடது கண்ணைப் பற்றிக் கட்டு அவிழ்க்கிற அன்றுதான் சொல்ல முடியும், அதிகம் நம்பியிருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அந்தக் கண்ணும் போனால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். தாய்நாட்டுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் கிள்ளானில் பிறந்தவள். அனுப்புகிற ஊரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை.

அவர் படுத்தபடியே கேட்டார்: "மீனாச்சி, இப்ப பகலா, ராவா?"

"பகலுங்க."

"நீ சொன்னாத்தான் தெரியுது. சூரியன் வேலைய நீ பாக்குற" என்று சிரித்தார்.

நான் வராந்தாவுக்கு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கூட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "அழுதா கண்ணு வந்துருமா? வெள்ளிக்கிழமை மடத்துக்கு வா. கயிறு சாத்திப் பாத்துருவோம்."

மடம் என்றால் ரயில் பாதைக்குப் பின்னால் பலகையும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாக நம்மவர்கள் எழுப்பிய கொட்டகை. அங்கே ஒரு திருமுறைப் புத்தகம் உண்டு. யாருக்காவது பெருங்கஷ்டம் வந்தால் மூடிய புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவே ஒரு கயிற்றைச் செலுத்துவோம். கயிறு விழுந்த பக்கத்தில் எந்தப் பதிகம் இருக்கிறதோ அதுதான் சுவாமியின் உத்தரவு. கஷ்டப்படுகிறவரே தம் வாயால் அதைப் பாட வேண்டும். அதுதான் எங்கள் மடத்து வழக்கம்.

அங்கேதான் எனக்குச் சிக்கல். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். ஆனால் நாலு பேர் முன்னால் என் குரல் வெளியே வராது. மடத்தில் எப்போதும் கடைசித் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவேன்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் ஓதுகிற வேலாயுதம் அண்ணன் புத்தகத்தை நீட்டினார். நான் கயிற்றைச் செலுத்தினேன். அவர் பிரித்தார். முகம் சுருங்கிப்போனது.

பக்கத்தில் பாதியைக் காணோம். பெருவெள்ளம் வந்தபோது புத்தகப் பெட்டி நனைந்து, பிறகு செல் ஏறி உள்ளே தின்றிருந்தது எங்களுக்குத் தெரியும். கயிறு அந்த இடத்திலேயே விழுந்திருந்தது. அதோடு, அது சண்டைப் பதிகம். சுவாமியின் தோழர் என்று பேர் பெற்றவர், இரண்டு கண்ணையும் இழந்து, காஞ்சியில் ஒன்றைப் பெற்று, மற்றதுக்காக ஆரூரில் நின்று சுவாமியோடு மல்லுக்கட்டிப் பாடியது.

"என்னம்மா இது, சாமியத் திட்டுற பாட்டுல வந்து நிக்குது. அதுவும் பாதிதான் இருக்கு" என்றார் அண்ணன் மெதுவாக.

"நல்லதுக்கில்ல. இன்னொரு தடவ போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் அந்த அரைப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான், ஒவ்வொரு குருபூஜைக்கும் அந்த மடத்தில் கேட்ட கதை நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் தெரிந்ததுதான். மூவர் பாடிய பதிகங்கள் எங்கே போயின என்று தெரியாமல் சோழ ராஜா தேடினான். தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன என்று தெரிந்தது. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் அங்கிருந்தவர்கள். ராஜா மூவருடைய திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து கொண்டுவந்து நிறுத்தினான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகள் மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெய் ஊற்றிக் கரைத்து எடுத்துப் பார்த்தால், பெரும்பகுதியைச் செல் தின்றிருந்தது. ராஜா கதறினான். இந்தக் காலத்துக்கு வேண்டியதை வைத்திருக்கிறோம் என்று சுவாமியின் குரல் கேட்டது.

நம்முடைய திருமுறையே செல் தின்றது போக மிஞ்சியது அல்லவா! அந்த மிச்சம் கடல் தாண்டி இங்கேயும் வந்து, நம் ஜனங்களைத் தூக்கி நிறுத்துகிறது. அப்படியிருக்க, பாதிப் பக்கத்துக்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

"இன்னொரு தடவ வேணாங்கண்ணே. இதையே பாடுறேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

பாடினேன். ராகம் எங்கெங்கோ போயிற்று. ஒருவரும் சிரிக்கவில்லை. தோழர் சுவாமியிடம் உரிமையோடு கோபிக்கிற ஒவ்வொரு வரியிலும் என் தொண்டை திறந்துகொண்டே வந்தது. பக்கம் தீர்ந்தது. கீழே எழுத்து இல்லை, ஓட்டைதான். வாய் மட்டும் நிற்கவில்லை.

"மூணு கண்ணு வச்சிருக்கீங்க! நெத்தியில ஒண்ணு சும்மாதான இருக்கு? எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு குடுத்தா கொறஞ்சா போயிருவீங்க? ஒண்ணு போதும் சாமி, ஒண்ணு!"

கத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு வேலாயுதம் அண்ணன் திருநீறு கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கண் கட்டை அவிழ்த்தார்கள். நான் கட்டில் ஓரத்தில் நின்றேன். டாக்டர் விளக்கைக் காட்டினார். என் வீட்டுக்காரர் இடது கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி என்னைப் பார்த்தார்.

"நெத்தியில திருநீறு கோணலா இருக்கே, மீனாச்சி."

அடியார்களே, என் வாழ்நாளில் அதைவிட இனிய சொல்லை நான் கேட்டதில்லை. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

லயத்துக்கு வந்து சொன்னேன். பாக்கியம் அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். உடனே தள்ளிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அடி மக்கு! கேட்டதுதான் கேட்ட, ரெண்டாக் கேட்டிருக்கக் கூடாதா? பாட்டே ரெண்டாவது கண்ணுக்குப் பாடுன பாட்டுல்லா!"

எஞ்சின் வேலை போயிற்று. ஆனால் ரயில்வே துரை அவரைக் கிள்ளான் சாலையை ரயில் பாதை கடக்கிற கேட்டில் காவலுக்கு வைத்தார். கொடி பிடிக்க ஒரு கண் போதும். இன்றைக்கும் வண்டி வருவதை எனக்கு முன்னால் பார்ப்பவர் அவர்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து புதுப் புத்தகம் வரவழைத்துவிட்டோம். அந்தப் பதிகம் அதில் முழுதாக இருக்கிறது. முழுதாகப் பாடவும் கற்றுக்கொண்டேன். இப்போது முதல் வரிசையில்தான் உட்காருகிறேன். பழைய புத்தகத்தையும் பட்டுத்துணி சுற்றிப் பூஜையில் வைத்திருக்கிறோம். இப்படி ஒரு வேதத்தை உடைய ஜனம் நாம் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பூட்டிய கதவும் புற்றும் வெள்ளமும் அதை என்ன செய்துவிட்டன?

துன்பத்தில் இருப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் மடத்துக்கு வாருங்கள். கயிறு எங்கே விழுந்தாலும் பயப்படாதீர்கள். பாட்டு நிற்கிற இடத்தில் உங்கள் சொந்த வாயால் கேளுங்கள். உரிமையோடு சண்டை போட்டுக் கேளுங்கள். எத்தனை வேண்டும் என்பதை மட்டும் முன்பே யோசித்துக்கொண்டு வாருங்கள். வாசலில் பாக்கியம் அக்கா அதைத்தான் முதலில் விசாரிப்பார்.